வளைவில் சக்கரம் என்ன செய்கிறது?

இரண்டு பிள்ளைகள் ஒரு நீளக் கம்பின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு நடக்கட்டும். ஒரே வேகத்தில் நடந்தால் கம்பு நேராகப் போகும். ஒருவர் வேகத்தைக் குறைத்தால் அவர் பக்கம் திரும்பும். ஒருவர் முன்னோக்கியும் மற்றவர் பின்னோக்கியும் நடந்தால் கம்பு நின்ற இடத்திலேயே சுழலும். திரும்பும்போது வெளிப்பக்கம் இருப்பவருக்கு நடை அதிகம். வண்டிச் சக்கரங்களுக்கும் இதே பாடுதான்.

ரயிலுக்கு இது பெரிய சிக்கல். அதன் ஒவ்வொரு ஜோடிச் சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ஒன்று சுற்றும் அளவே மற்றதும் சுற்றும். பிறகு வளைவில் எப்படிப் போகிறது? இரண்டு காகிதக் கப்புகளை வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள். இன்னும் இரண்டை அடியோடு அடி ஒட்டுங்கள். இரண்டு குச்சிகளைத் தண்டவாளம்போல் சற்றுச் சரிவாக வைத்து, “எது விழும்?” என்று கேட்டுவிட்டு உருட்டுங்கள். கேள்வி முதலில் வர வேண்டும். விடையை முன்பே சொல்லிவிட்டால் அது வெறும் வேடிக்கை.

வாயோடு வாய் ஒட்டியது விலகினாலும் நடுவுக்குத் திரும்பும். மற்றது விலகிக்கொண்டே போய் விழுந்துவிடும். ரயில் சக்கரமும் முதல் வகைதான்: உட்பக்கம் சற்றுப் பெரிது, வெளிப்பக்கம் சிறிது. இந்திய ரயில்களில் இந்தச் சரிவு பொதுவாக 20க்கு 1. வளைவில் சக்கர ஜோடி சற்றே வெளியே நகர்கிறது. உடனே வெளிச்சக்கரம் பெரிய சுற்றளவிலும் உட்சக்கரம் சிறிய சுற்றளவிலும் உருள்கின்றன. ரயிலைத் திருப்புவது சக்கர விளிம்பு என்றே பலரும் நினைக்கிறோம். மிதமான வளைவில் வேலையைச் செய்வது இந்தச் சரிவு.

லாரியில் இதே வேலைக்கு டிஃபரன்ஷியல் உண்டு. பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தெரிகிறதே, அதற்குள் இருக்கும் பற்சக்கரங்கள் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுகின்றன.

2023 ஆகஸ்ட்டில் நிலவில் இறங்கிய 26 கிலோ பிரக்யான் ஊர்தி வேறு வழியில் திரும்பியது. ஆறு சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார். இடப்பக்க, வலப்பக்க வேகத்தை மாற்றினால் போதும்.

இப்படித் திரும்பும் வண்டியை வீட்டிலேயே செய்யலாம். ஒரு அட்டை, சக்கரம் மாட்டிய இரண்டு சிறு மோட்டார்கள், பேட்டரி, ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு சுவிட்ச். கணினியைச் சேர்க்கும் முன் பிள்ளையின் விரல்களே மூளையாக இருக்கட்டும். சாக்பீஸ் கோட்டின் மேல் நேராக ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு சுவிட்சையும் சேர்த்து அழுத்தினாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரே பெட்டியில் வந்த மோட்டார்கள்கூட அச்சுப் பிசகாமல் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. பல ரோபோக்களில் சக்கரச் சுற்றுகளை எண்ண சென்சார் வைப்பது இதற்காகவும்தான்.