வண்ணமீன் தொட்டிகளுக்குப் பம்பு வாங்குமுன்

கிணற்றின் ஆழத்தை அறியாமல் மோட்டார் வாங்கும் விவசாயி இல்லை. நூலின் நம்பரைக் கேளாமல் சிட்டம் வாங்கும் நெசவாளியும் இல்லை. ஆயினும் வண்ணமீன் வளர்ப்பில் இறங்கும் அங்கத்தினர்கள் கடனுக்காகக் கொண்டுவரும் மதிப்பீடுகளைப் பரிசீலிக்கும்போது, “பம்பு ஒன்று” என்பதற்கு மேல் விவரம் ஏதும் இல்லாதிருப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். தொட்டி, கண்ணாடி, தாங்கி ஆகியவற்றுக்கெல்லாம் அளவு எழுதுவோர், மீன்களின் உயிரே நம்பியிருக்கும் யந்திரத்துக்கு அளவு எழுதுவதில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சென்னையில் கொளத்தூர் வட்டாரம் வண்ணமீன் வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. வீட்டிலேயே நடத்தக்கூடிய தொழிலாதலால் பல ஊர்களிலும் இதில் நாட்டம் மிகுந்துள்ளது. பல தொட்டிகள் வைப்போருக்குத் தொட்டிதோறும் தனித்தனி வடிகட்டி அமைப்பது சிரமம். ஆகவே மீன் தொட்டிகளை மாடியில் வரிசையாக வைத்து, வடிகட்டும் பொருள்கள் அடங்கிய ஒரே பெரிய தொட்டியைக் கீழ்த்தளத்தில் அமைப்பதுண்டு. இதனைச் ‘சம்ப்’ என்பர். மேல்தொட்டிகளிலிருந்து வழியும் நீர் தானாகவே இதில் இறங்கிச் சுத்தமாகிறது. அதனை மறுபடி மேலேற்றும் பம்பு இரவு பகலாக ஓய்வின்றி ஓட வேண்டும்.

பெட்டியின் மேலுள்ள எண்

“மணிக்கு 6,000 லிட்டர்” என்று பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது, நீரைச் சிறிதும் உயர்த்தாதபோது பம்பு தள்ளும் அளவாகும். உயரம் ஏற ஏற இவ்வளவு குறைந்துகொண்டே வந்து, ஓர் உயரத்தில் முற்றிலும் நின்றுவிடும். அவ்வுயரத்தையே கடைக்காரர்கள் ‘மாக்ஸிமம் ஹெட்’ என்கின்றனர். அது 4 மீட்டர் என்றால், 4 மீட்டரில் ஒரு துளி நீரும் வாராது என்பதே பொருள். எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “நமக்கு வேண்டிய உயரத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் தரும்?” நல்ல பம்புகளுடன் இதைக் காட்டும் கோட்டுப்படம் ஒன்று தரப்படும். அப்படம் இல்லாத பம்பை வாங்காதிருப்பதே நலம்.

சம்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் நீர்மட்டம் வரை உயரத்தை அளக்க வேண்டும். குழாயின் வாய் அதற்கும் மேலே இருப்பின் அதுவரை அளக்க வேண்டும். பம்பு நீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது கணக்கில் வாராது. கீழிறங்கும் நீர் மேலேறும் நீருக்கு உதவும் என்று சிலர் எண்ணுகின்றனர். வழியும் நீர் காற்றுடன் கலந்து விழுவதால் அவ்வுதவி கிடைக்காது.

ஓர் உதாரணம்

200 லிட்டர் கொள்ளும் தொட்டிகள் 8 இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றின் நீரும் மணிக்கு மூன்று முறை மாற வேண்டுமானால் தொட்டிக்கு 600 லிட்டர் வீதம் மொத்தம் 4,800 லிட்டர் வேண்டும். உயரம் 3.5 மீட்டர், குழாயின் நீளம் 10 மீட்டர்.

இனிக் குழாயின் உராய்வைச் சேர்க்க வேண்டும். உள்விட்டம் 25 மில்லிமீட்டரானால் உராய்வினால் மட்டும் ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்துக்கான பலம் வீணாகும். 40 மில்லிமீட்டரானால் அது 30 சென்டிமீட்டர் அளவே. வளைவுகளையும் வால்வையும் சேர்த்தாலும் பெரிய குழாயில் மொத்த உயரம் 4 மீட்டருக்குள் அடங்கும். சிறிய குழாயிலோ 6.5 மீட்டரைத் தாண்டிவிடும். குழாயில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாயை மின்சாரக் கட்டணமாகப் பன்மடங்கு செலுத்த நேரும்.

மின்செலவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 180 வாட் பம்பு நாள்தோறும் 24 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 1,580 யூனிட் செலவாகும். அதே வேலைக்கு 500 வாட் மோட்டாரை வைத்தால் 4,380 யூனிட். இந்த 2,800 யூனிட் வித்தியாசம் ஆண்டுதோறும் வளர்ப்போரின் இலாபத்திலிருந்து போவதாகும். வீட்டின் மேல்நிலைத் தொட்டியைச் சிறிது நேரத்தில் நிரப்புவதற்கென்று செய்யப்பட்ட மோட்டார்களை இதற்கு உபயோகிப்பது வேறொரு வகையிலும் தவறு. அவற்றின் பித்தளைப் பாகங்களிலிருந்து கசியும் செம்பு, சிறிதளவாயினும் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சாகும்.

மின்சாரம் நின்றால்

பம்பு நின்றதும் மேல்தொட்டிகளில் வழியும் மட்டத்துக்கு மேலுள்ள நீர் முழுவதும் சம்பில் வந்து சேரும். 120 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள 8 தொட்டிகளில் 3 சென்டிமீட்டர் நீர் இறங்கினால் 130 லிட்டர் ஆகிறது. குழாயிலுள்ள நீரையும் எண்ணிச் சம்பில் 200 லிட்டருக்கு இடம் விட வேண்டும். நீருக்குள் அமிழ்ந்த குழாய்வாய் தொட்டியையே உறிஞ்சி இறக்கிவிடக்கூடும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அக்குழாயில் சிறு துளை இட்டால் காற்றுப் புகுந்து நீர் இறங்குவது நின்றுவிடும். திருப்பு வால்வு பாசி படிந்து அடைபடக்கூடியதாதலால் அதை மட்டும் நம்பலாகாது.

ஒரு பெரிய பம்பைக் காட்டிலும், தனித்தனிக் குழாயுடன் கூடிய இரு சிறு பம்புகளே மேல். ஒன்று பழுதானாலும் மற்றது சம்பின் நீரை ஓடவைத்துக்கொண்டிருக்கும். பாட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றும் கைவசம் இருக்கட்டும். எல்லாத் தொட்டிகளுக்கும் நீர் ஒன்றே ஆதலால் ஒன்றில் தோன்றும் நோய் அனைத்துக்கும் பரவும். புதிதாக வாங்கிய மீன்களைச் சம்புடன் இணையாத தனித்தொட்டியில் சில வாரங்கள் வைத்த பின்னரே சேர்க்க வேண்டும்.

பம்பைப் பொருத்திய பின் சோதிப்பது எளிது. 20 லிட்டர் வாளியை ஒவ்வொரு தொட்டியின் குழாய்வாயிலும் பிடித்துப் பார்க்கவும். இரண்டு நிமிஷத்தில் நிரம்பினால் மணிக்கு 600 லிட்டர் வருகிறது என்று அறியலாம். நீர் மிகுந்தால் பம்பு நீரை வெளித்தள்ளும் பக்கத்து வால்வைத் திருகிக் குறைக்கலாம். நீரை உள்ளிழுக்கும் பக்கத்தை ஒருபோதும் அடைத்தல் கூடாது.

மதிப்பீட்டில் இனி மூன்று எண்களை எழுதுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: மணிக்கு வேண்டிய லிட்டர், உராய்வு உட்பட மொத்த உயரம், அவ்வுயரத்தில் பம்பு தரும் லிட்டர். ஒரே தேவையுள்ள நால்வர் சேர்ந்து சங்கத்தின் மூலம் வாங்கினால் விலையும் குறையும். உபரிப் பம்பு ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளவும் வழி பிறக்கும். கூட்டுறவின் பயன் கடன் பெறுவதோடு முடிவதன்று; பெற்ற கடன் வீண்போகாமல் காப்பதும் அதன் கடமையே.