துணைத் தலைவியும் சித்தாளும்

உலகப் பொருளாதார மன்றம் 2025-இல் வெளியிட்ட பாலின இடைவெளிப் பட்டியலில் 148 நாடுகள். வங்கதேசம் 24-ஆவது இடத்தில். இலங்கை 130, இந்தியா 131, பாகிஸ்தான் கடைசி. இதை வைத்து, டாக்காவில் பெண்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கடந்த 50 ஆண்டுகளில் எத்தனை ஆண்டு பெண் ஆட்சித் தலைவர் இருந்தார் என்பதற்கும் அந்தப் பட்டியலில் மதிப்பெண் உண்டு. கலீதா ஜியாவும் ஷேக் ஹசீனாவும் மாறி மாறி ஆண்டதுதான் அந்நாட்டை மேலே தூக்கியது. அதே ஹசீனா ஆட்சியில், 2013-இல், டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தையல் வேலை பார்த்த பெண்கள். கட்டடத்தில் முந்தைய நாளே விரிசல் விட்டிருந்தது. சம்பளம் போய்விடும் என்று மிரட்டித்தான் அவர்களை உள்ளே அனுப்பினார்கள்.

இலங்கையும் அப்படித்தான். 1960-இல் உலகின் முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு அது. ஆனால் 2024 தேர்தல் வரை அதன் நாடாளுமன்றத்தில் பெண்கள் 7 சதவீதத்தைத் தாண்டியதில்லை.

நேபாளத்தின் கதைதான் நமக்குப் பாடம். உள்ளாட்சிகளின் தலைவர், துணைத் தலைவர் ஆகிய இரு பதவிகளில் ஒன்றுக்குக் கட்சிகள் பெண்ணை நிறுத்தியாக வேண்டும் என்று அங்கே சட்டம் போட்டார்கள். 2017 உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்தவர்களில் ஏறத்தாழ 41 சதவீதம் பெண்கள். கேட்கவே இனிக்கிறது, இல்லையா? கட்சிகள் ஆணைத் தலைவருக்கும் பெண்ணைத் துணைக்கும் நிறுத்தின. பெண் மேயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2022-இல் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். கூட்டணிக் கட்சிகள் ஆளுக்கொரு பதவியைப் பங்கிட்டுக்கொண்டன. ஒரு பதவிக்கு மட்டும் ஆள் நிறுத்தும் கட்சிக்கு அந்த விதி பொருந்தாது.

சிரிப்பதற்கு நமக்கு யோக்கியதை இல்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் 2016 முதல் பெண்களுக்குப் பாதி இடம். பல ஊர்களில் ‘தலைவர்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது அவர் வீட்டுக்காரர்தான். மன்றக் கூட்டத்தை நடத்த அந்தக் கணவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஊராட்சிகளின் ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர். எழுத்தில் புகார் போக வேண்டிய இடம் அதுதான்.

வேலையிடத்திலும் இதே துணை நாற்காலிதான். கட்டட வேலையில் பெண் இருபது வருஷம் கலவை சுமந்தாலும் சித்தாள்தான். கொத்தனாரின் கரண்டி அவர் கைக்கு வருவதில்லை. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. வேலையையே ‘வேறு’ என்று பிரித்துவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் அப்படியல்ல, கையில் எடுத்தால் வேலை செய்யும். பட்டியலின் கடைசியில் நிற்கும் பாகிஸ்தான் 2010-லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டுவிட்டது, நாம் 2013-இல்தான். 10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் ஒருவர் வெளியாள். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். அதைவிடச் சின்ன இடம் என்றாலோ, முதலாளிமேலேயே புகார் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது. வீட்டு வேலை செய்பவர்களும் அங்கே போகலாம்.

கெடுவை மறந்துவிடக் கூடாது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிப்பார்கள். எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ விடுப்போ கேட்கலாம். ‘நிரூபிக்க முடியாவிட்டால் உன்மேல் கேஸ்’ என்று மிரட்டுவார்கள், நம்பாதீர்கள். நிரூபணமாகவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் தண்டிக்க முடியாது.

இலங்கையில் தண்டனைச் சட்டக் கோவையின் 345-ஆம் பிரிவின்கீழ் பொலிஸில் முறையிடலாம். பெண்களுக்கான உதவி எண் 1938. தமிழ்நாட்டில் 181. இந்தியாவில் வேலை பார்ப்பவர் என்றால், நாளை வேலைக்குப் போனதும் குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், அதை ஒட்டிவைப்பது முதலாளியின் சட்டக் கடமை.