சாரையும் நாகமும்

சாரை ஆண், நாகம் பெண், இரண்டும் பிணையும் என்று ஊரார் கூற யாம் இளமையிற் கேட்டதுண்டு. இதனை நகைப்போர் ஒன்றை நினைவிற் கொள்க. உயிர்களை வகுத்துப் பெயரிட்ட சுவீடிய அறிஞர் இலின்னேயசும் 1758இல் இவ்விரண்டையும் ஒரே பேரினத்துள் அடக்கினார். வயிற்றின் கீழும் வாலின் கீழும் உள்ள செதில்களை எண்ணிப் பாம்புகளைப் பிரித்த காலம் அது.

இன்றைய விலங்கியலார் வழிமரபு நோக்கி வகுப்பர். பாம்புகள் யாவும் காலுடைய பல்லியினத்து மூதாதையரின் வழிவந்தவை. மலைப்பாம்பின் எருவாயருகே காணும் சிறு உகிர் இரண்டும் பின்னங்கால்களின் எச்சமே. ஆர்சென்றீனாவிற் கிடைத்து 2006இல் விவரிக்கப்பெற்ற, 9 கோடி ஆண்டுக்கு முற்பட்ட பாம்பொன்றின் என்புகளிற் பின்னங்கால்களே இருந்தன. அவ்வழிவந்த குடும்பங்கள் பல. நாகமும் கட்டுவிரியனும் ஒரு குடும்பம்; அவற்றின் நச்சுப்பல் வாயின் முன்புறத்தே மடங்காது நிற்கும். கண்ணாடிப் புடையனின் நீண்ட பல்லோ வாய் மூடுங்கால் மடங்கும். அது வேறு குடும்பம். சாரை மூன்றாவது குடும்பத்தது. பிணைகின்றன என்று நாம் காண்பவை பெரும்பாலும் தம்முட் பொரும் இரண்டு ஆண் சாரைகளே.

எனினும், எலியைத் தின்று வயலைக் காக்கும் சாரை நாகத்தின் கணவனென்றே இன்றும் அடிபட்டுச் சாகின்றது. அயல் வளவில் அவ்வாறு மாண்ட ஒன்றின் வாயை யாம் திறந்து நோக்கினோம். சிறு பற்களின் வரிசையன்றி நச்சுப்பல் ஒன்றுமில்லை.