மண்ணுக்குள் எரியும் தீ

மண் எரியுமா? சுமத்ராவின் ரியாவ், ஜாம்பி மாநிலங்களிலும் போர்னியோ தீவின் கலிமந்தானிலும் எரிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தப் புகை கடல் தாண்டி சிங்கப்பூர், மலேசிய வீடுகளுக்குள் நுழைகிறது. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே அபாய நிலைதான். இரண்டு நாள் கழித்து மலேசியாவின் மூவாரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

சுமத்ரா, கலிமந்தான் சதுப்புக் காடுகளில் உதிரும் இலையும் கிளையும் நீரில் மூழ்கியே கிடக்கின்றன. ஆக்சிஜன் எட்டாததால் நுண்ணுயிர்களால் அவற்றை முழுதாக மக்கவைக்க முடிவதில்லை. பாதி மக்கியது அடுக்கடுக்காகப் படிந்து, நீரை உறிஞ்சிய பஞ்சுபோல் ஆகிறது. இதுவே பீட் மண். ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் வளரும். ஆயினும் சில இடங்களில் பத்து மீட்டர் ஆழத்துக்கும் மேல் இருக்கிறது. அத்தனையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமம்.

நீர் இருக்கும்வரை இந்த மண் தீப்பிடிக்காது. எண்ணெய்ப்பனையும் காகிதக்கூழுக்கான அக்கேசியாவும் நடுவதற்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் மேல்மண் விறகாகிவிடும். செலவில்லாமல் நிலத்தைத் திருத்தத் தீ வைக்கிறார்கள்; அது கீழிறங்கிவிடுகிறது. மண்ணுக்குள் போதிய காற்று இல்லாததால் கொழுந்துவிடாமல் கனல்கிறது. மேலே சாம்பல் பூத்து அணைந்ததுபோல் தெரியும். சில அடி தள்ளி இன்னோரிடத்தில் புகை கிளம்பும். நன்கு காய்ந்த பீட் மண் தண்ணீரை எளிதில் ஏற்பதுமில்லை. அதனால் தீயணைப்பு வீரர்கள் குழாயை மண்ணுக்குள் செருகி நீர் பாய்ச்சுகிறார்கள். ஒரு முழ ஆழம் எரிந்தால் சில நூறு ஆண்டுகளின் சேமிப்பு போயிற்று.

கனலும் தீ அரைகுறையாக எரிப்பதால்தான் புகை இவ்வளவு அதிகம். அதிலுள்ள நுண்துகள்கள் பல, ஒரு மில்லிமீட்டரில் 400-ல் ஒரு பங்கைவிடச் சிறியவை. மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாமல் நுரையீரலின் ஆழம்வரை போகின்றன. இவ்வளவு சிறியவற்றை என்95 முகக்கவசம் எப்படிப் பிடிக்கிறது? அதன் இழைகளில் ஏற்றப்பட்ட நிலைமின்னூட்டம் துகள்களைத் தன்பால் இழுத்து ஒட்டவைக்கிறது. சாதாரணத் துணிக்கு அந்த ஆற்றல் இல்லை.

எல் நினோ மழையைக் குறைத்த 1997, 2015 ஆண்டுகளில் புகைமூட்டம் மிகக் கொடுமையாக இருந்தது. முதல் அடி இந்தோனேசியர்களுக்கே. 2015-இல் கலிமந்தானின் பலங்கராயா நகர மக்கள் சுவாசித்த காற்று, சிங்கப்பூர் கண்ட உச்சத்தைவிடப் பல மடங்கு மோசமானது. அண்டை நாடு என்று விரல் நீட்டும்போது இதை மறக்கக்கூடாது.

ஆசியான் நாடுகள் 2002-இல் கையெழுத்திட்ட புகைமூட்ட ஒப்பந்தத்தை இந்தோனேசியா 2014-இல் ஏற்றது. அதே ஆண்டு, வெளிநாட்டில் தீ மூட்டிப் புகை பரப்பும் நிறுவனங்களையும் தண்டிக்கும் சட்டத்தைச் சிங்கப்பூர் இயற்றியது. 2016-இல் இந்தோனேசியா பீட் நில மீட்புக்கென்றே தனி அமைப்பைத் தொடங்கியது. கால்வாய்களில் தடுப்பணை கட்டி, நிலத்தடி நீரை மேலே கொண்டுவருவது அதன் முக்கிய வேலையாக இருந்தது.

முகக்கவசமும் காற்றுச் சுத்திகரிப்பானும் புகை வந்தபின் உதவும். புகையே வராதிருக்க, பீட் மண் ஈரமாக இருக்க வேண்டும். செப்டம்பரில் நாம் சுவாசிக்கப்போகும் காற்றை, மழை ஓய்வதற்குமுன் ரியாவின் கால்வாய்களில் தேக்கப்படும் நீரே பெருமளவு தீர்மானிக்கிறது. அரசுகளின் பணமும் கண்காணிப்பும் முதலில் சேரவேண்டிய இடம் அந்தத் தடுப்பணைகள்தான்.