பதினாறு வருடம் தூங்கிய அம்பாசிடர்

இந்த முழு ஆண்டு லீவில் நான் எந்த ஊருக்கும் போகவில்லை. எங்கள் வீட்டுக் கொட்டகையில் நின்ற தாத்தாவின் அம்பாசிடர் காரோடுதான் என் லீவு போனது.

அது 1984-ல் வாங்கிய மார்க் 4 மாடல், பெட்ரோல் வண்டி. தாத்தாவுக்குக் கண் பார்வை மங்கியதும் 2009-ல் நிறுத்தியது. அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்துச் செய்தது. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் 1957-ல் தொடங்கி 2014 வரை தயாரித்தார்கள். தொழிற்சாலை நின்றபோது நான் அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன்!

அப்பா பழைய இரும்புக் கடைக்காரரிடம் விலை பேசிவிட்டார். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கொட்டகைப் பக்கமே முகத்தை வைத்திருந்தார். அதைப் பார்த்த ஆச்சிதான், "ஒரு மாசம் பொறுடா, பேரன் கேக்கான்ல" என்று அப்பாவிடம் சொன்னார். தாத்தாவின் பழைய மெக்கானிக்கைக் கூட்டி வந்தோம். நானும் அவரை மெக்கானிக் தாத்தா என்றே கூப்பிடுவேன்.

புது பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்பினால் ஓடிவிடும் என்றுதான் நினைத்தேன். "சாவியைத் தொட்ட, கையை ஒடிச்சிருவேன்" என்றார் அவர். காரணம் இதுதான். என்ஜினுக்குள் பிஸ்டனைச் சுற்றி ரிங்குகள் இருக்கின்றன. வருடக்கணக்காக நின்றால், ஈரக் காற்று பட்டு ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவால் ஒட்டிக்கொள்ளும். செல்ப் மோட்டாரால் வலுக்கட்டாயமாகச் சுற்றினால் ரிங் உடையும், சுவர் கீறும். அதனால் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் என்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றினோம். நாலு நாள் ஊறவிட்டோம்.

ஐந்தாம் நாள் முன்பக்கத் துளையில் ஹேண்டில் போட்டுச் சுற்றினார். அம்பாசிடரில் அந்த வசதி உண்டு. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், சுற்றிப் பிடிக்கக் கூடாது. என்ஜின் திருப்பி உதைத்தால் விரல் போய்விடும். முதலில் அசையவே இல்லை. முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டி ஆட்டி, கடைசியில் 'கிர்ர்' என்று ஒரு முழுச் சுற்று வந்தது. எனக்குக் கை தட்டணும் போல இருந்தது.

அடுத்தது பெட்ரோல். டேங்கைத் திறந்தால் பெயிண்டுக் கடை வாசனை! பெட்ரோலில் லேசான பாகங்கள் ஆவியாகிப் போய், மிச்சம் பழுப்பாகப் பிசின் மாதிரி ஆகிவிடுகிறது. அது கார்பரேட்டரின் சின்னத் துளைகளை அடைத்துவிடும். டேங்கை இறக்கி, உள்ளே கொஞ்சம் ஜல்லி போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தோம். ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் ரப்பரையும் மாற்றினோம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய காலத்து ரப்பர் அதற்குத் தாங்காதாம். ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் புதுசு. சீட்டுக்கு அடியில் இருந்த எலிக் கூட்டைப் பற்றி எழுதவில்லை, படிக்கிறவர்கள் சாப்பிடப் போகணும்.

பொறி வருவதற்கு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்று ஒன்று இருக்கிறது. பச்சை பிடித்திருந்ததை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி சரிபார்த்தோம். இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். பிளக் ஒயர்களைத் துடைக்கிறேன் என்று நாலையும் பிடுங்கிவிட்டு, 1, 2, 3, 4 என்று வரிசையாக மாட்டிவிட்டேன். மெக்கானிக் தாத்தா பழைய டேங்கை நம்பாமல், ஒரு சின்ன டப்பாவில் புது பெட்ரோலை உயரத்தில் கட்டிக் குழாய் வழியாக விட்டார். பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்திருந்தார். சாவியைத் திருப்பினார். 'டமார்!' கார்பரேட்டர் வாயில் தீ எட்டிப் பார்த்தது. ஆச்சி அலறிவிட்டார். அப்பா, "இதுக்குத்தான் சொன்னேன்" என்றார்.

மெக்கானிக் தாத்தா ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. நான்கு சிலிண்டரும் 1, 3, 4, 2 என்ற வரிசையில்தான் எரியணும். ஒன்றும் நாலும் சேர்ந்து மேலே வரும், இரண்டும் மூன்றும் சேர்ந்து வரும். மேலே வந்தாலும் ஒன்று எரியும் நேரத்தில் அதன் ஜோடி புகையை வெளியே தள்ளிவிட்டு, அடுத்த மூச்சுக்கு வால்வைத் திறக்கிற நேரம். அப்போது அதற்குப் பொறி போனால் தீ வந்த வழியே வெளியே வெடிக்கும். ஒன்பதாம் வகுப்பில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை, டமார் சொல்லித் தந்தது.

ஒயரைச் சரியாக மாட்டியதும் மூன்றாவது திருப்பில் பிடித்துக்கொண்டது. நீலமும் வெள்ளையுமாகக் கொட்டகை முழுக்கப் புகை, ஊற்றிய ஆயில் எரிகிறது. நாங்கள் எல்லோரும் சத்தம் போட்டோம். அப்போது திண்ணையிலிருந்து தாத்தா, "எலே, ஒரு சிலிண்டர் வேலை செய்யல" என்றார்.

வண்டியே சரியாகக் கண்ணுக்குத் தெரியாது அவருக்கு! ஓடும்போதே ஒவ்வொரு பிளக் ஒயராக மெக்கானிக் தாத்தா இடுக்கியால் கழற்றிப் பார்த்தார். ஒயரைக் கழற்றினால் என்ஜின் சத்தம் மாறணும். மூன்றாவதைக் கழற்றியபோது மாறவே இல்லை. பிளக்கை எடுத்தால் ஆயிலில் குளித்திருந்தது. துடைத்துப் போட்டதும் சத்தம் சீரானது. தாத்தா தலையை ஆட்டிக்கொண்டார்.

வண்டி இன்னும் ரோட்டுக்கு வரவில்லை. பிரேக் சிலிண்டர் ரப்பர்கள் வரணும், டயர் நாலும் மாற்றணும், ஆர்.சி.யையும் புதுப்பிக்கணும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அது உண்டு. சொன்ன தேதிக்கு இரும்புக் கடைக்காரர் தராசோடு வந்தார். அப்பா ஓட்டையான பழைய சைலன்சரை மட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.