தெருவுக்குப் பங்குத்தொகை யார் தருவது?

நகரத் தெருக்களைச் சீரமைக்க 'நமக்கு நாமே' திட்டம் உண்டு. 1997-ல் தொடங்கியது, 2021-ல் மீண்டும் வந்தது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். 9 லட்ச ரூபாய்ச் சாலைக்கு 3 லட்சம். கடைவீதி வணிகர்கள் எளிதில் திரட்டிவிடுவார்கள். தூய்மைப் பணியாளர் காலனி எங்கே போகும்? ஊர்ச் சாக்கடையை அள்ளுகிறவர் வாசலிலேயே சாக்கடை தேங்கும்.

நாமும் சொத்துவரி கட்டுகிறோம். அதுவே நம் பங்கு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கு மக்கள்தொகைக்கேற்ப நிதி ஒதுக்க 2024-ல் சட்டமே வந்துவிட்டது. பணமுள்ள தெருவுக்கு அல்ல, தேவையுள்ள தெருவுக்கே முதலிடம் என்று பகுதி சபைக் கூட்டத்தில் தீர்மானம் கேட்போம். மாணவர்களே, அந்த மனுவை நீங்கள் எழுதுங்கள்.