உங்களுக்குத் தெரியுமா? பேரேட்டில் ஒளிந்திருக்கும் நற்பெயர்

சொத்துகளை மறுமதிப்பீடு செய்து, பொதுக் காப்பையும் பிரித்தபின் இரு கூட்டாளிகளின் முதல் ₹2,40,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாமவர் ₹1,00,000 போட்டுக் கால் பங்கு கேட்கிறார். கால் பங்கே ஒரு லட்சம் என்றால் முழு நிறுவனம் ₹4,00,000 பெற வேண்டும். மூவர் முதலையும் கூட்டினாலோ ₹3,40,000தான். இடிக்கிற அந்த ₹60,000தான் ஒருவரும் வாய்திறந்து விலை பேசாத நற்பெயர்! அதில் புதியவரின் கால் பங்கான ₹15,000 அவர் முதல் கணக்கில் பற்று வைக்கப்படும். லாபத்தில் விட்டுக்கொடுத்த அளவுக்கு, அதாவது தியாக விகிதத்தில், பழையவர்களுக்கு வரவாகும்.

பழைய கடன்? 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, சேர்ந்துவிட்டார் என்பதற்காக மட்டும் அது புதியவர் தலையில் விழாது.